மஞ்சள் இலையும் ஒரு சின்ன மீட்டரும்

மிளகாய்ச் செடி வெளுக்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் காரியம், உரம் வைத்தது. பத்து நாள் பார்த்தேன், தெளியவில்லை. மறுபடியும் உரம் வைத்தேன். இலை ஓரம் கருக ஆரம்பித்தது. பசி இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று மூன்றாவது தடவையும் வைத்தேன். இப்படித்தான் பன்னிரண்டு தொட்டிகளில் நான்கைச் சாகடித்தேன்.

செடி வாடினால் சாப்பாடு போதவில்லை என்றுதான் மனம் முதலில் நினைக்கிறது. தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லை. குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரி வருகிற தண்ணீர், நானே குடிக்கிற தண்ணீர், அதில் என்ன கோளாறு இருக்கப் போகிறது? மனிதனுக்கு நல்ல தண்ணீரும் தொட்டிச் செடிக்கு நல்ல தண்ணீரும் வேறு வேறு என்று புரிய எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆயிற்று.

இத்தனைக்கும் செடி தொடக்கத்திலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. என் மிளகாயில் வெளுத்தது கொழுந்து. அடியிலிருந்த பழைய இலைகள் பச்சையாகவே இருந்தன. புது இலையிலும் நரம்புகள் மட்டும் பச்சை, நடுவே இருந்த பரப்பு எலுமிச்சை நிறம். வலை விரித்தது போல அழகாகக்கூட இருந்தது.

மஞ்சள் எந்த இலையில் முதலில் வருகிறது என்பதுதான் விஷயம். தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மக்னீசியத்தையும் சாம்பல் சத்தையும் (பொட்டாசியம்) செடியால் இடம் மாற்ற முடியும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அவை குறைந்தால் கீழ் இலைதான் முதலில் பழுக்கும். தழைச்சத்து என்றால் இலை முழுக்க ஒரே சீராக வெளுக்கும், மக்னீசியம் என்றால் நரம்புக்கு நடுவே வெளுக்கும், சாம்பல் சத்து என்றால் ஓரம் காயும். இரும்பும் கால்சியமும் அப்படி இல்லை. ஒரு தடவை போய் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. அவை குறைந்தால் அடி படுவது கொழுந்து. ஆக, என் செடி கேட்டது இரும்பு. நான் கொட்டியது தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல்.

சரி, இரும்பு மண்ணில் இல்லையா? இருந்தது. மண்கலவையில் போதுமான அளவு இருந்திருக்கும். ஆனால் வேரால் எடுக்க முடியாத வடிவத்தில் இருந்தது. அது ஏன் என்பதற்குத் தண்ணீரிடம்தான் வர வேண்டும்.

நண்பர் ஒருவர் மீன்தொட்டி வைத்திருக்கிறார். அவர்தான் பேனா அளவில், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்து என் குழாய்த் தண்ணீரில் முக்கினார். 550 காட்டியது. அவரிடமே இருந்த இன்னொரு மீட்டர் அதே டம்ளரில் 770 காட்டியது. ஏதோ ஒன்று பழுது என்று நினைத்தோம். இரண்டும் சரிதான். இந்த மீட்டர்கள் எதுவும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை நேரடியாக எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகின்றன. சில மீட்டர்கள் 500 ஆல் பெருக்கும், சில 700 ஆல் பெருக்கும். அதனால் டி.டி.எஸ். எண்ணைச் சொல்லி யாராவது பேசினால் பாதித் தகவல்தான் நம் கைக்கு வருகிறது. மின்கடத்துதிறனை, அதாவது ஈ.சி. அளவை, அப்படியே சொல்லிவிட்டால் குழப்பமில்லை. என் தண்ணீரின் ஈ.சி. சென்டிமீட்டருக்கு 1.1 மில்லிசீமன்ஸ். இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

இது நல்லதா கெட்டதா? ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு பாசன நீருக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. விளைச்சல் குறையாமல் ஒவ்வொரு பயிரும் எவ்வளவு உப்பு நீரைத் தாங்கும் என்ற கணக்கு அது. பீன்ஸுக்கு ஈ.சி. 0.7, குடைமிளகாய் இனத்துக்கு 1.0, தக்காளிக்கு 1.7. என் தோட்டத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான். பீன்ஸ் முதலில் போயிற்று, மிளகாய் முனகியது, தக்காளி கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் அந்த அட்டவணைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊற்றுகிற தண்ணீரில் ஆறில் ஒரு பங்காவது வேரைத் தாண்டி வடிந்து போக வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தரை நனையக் கூடாது என்று, கீழே ஒரு சொட்டு வடியாமல் அளந்து அளந்து ஊற்றினேன். சிக்கனம் என்று பெருமை வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொட்டிக்கு நாளுக்கு ஒரு லிட்டர், மூன்று மாதத்தில் 90 லிட்டர். லிட்டருக்கு 550 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலும் கிட்டத்தட்ட 50 கிராம் கரைபொருள் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் இலை வழியாக ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. செடி அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி அங்கேயே தங்கும். அதற்கு மேல் என் மூன்று தவணை உரம், அதுவும் உப்புதான். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நின்றதை நான் ஏதோ பூஞ்சை என்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

வேரைச் சுற்றி உப்பு ஏற ஏற, தண்ணீர் உள்ளே போவது கடினமாகும். ஒரு கட்டத்தில் மண் ஈரமாக இருக்கும், செடி தலை தொங்கி நிற்கும். அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். வேருக்குக் காற்று இல்லாமல் போகும். நான்கு தொட்டிகள் போன கதை இதுதான்.

ஆனால் கொழுந்து வெளுத்ததற்கு உப்பு மட்டும் காரணமில்லை. அதற்கு முக்கியக் காரணம் காரத்தன்மை. இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நாள் சறுக்கினேன், நிறையப் பேர் சறுக்குவதையும் பார்க்கிறேன்.

பி.எச். என்ற எண்ணை எல்லோரும் அறிவோம். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு புள்ளி நகர்ந்தால் பத்து மடங்கு மாற்றம். தொட்டிக் கலவைக்கு 5.5லிருந்து 6.5க்குள் இருந்தால் பெரும்பாலான சத்துகள் வேருக்குக் கிடைக்கும் நிலையில் இருக்கும். அதனால் பி.எச். தாளை வாங்கித் தண்ணீரில் நனைத்து, நிறத்தைப் பார்த்து, 7.6 என்றால் கவலைப்பட்டு, 7.0 என்றால் நிம்மதியாகித் தூங்கப் போகிறோம். நானும் அப்படித்தான் தூங்கினேன். என் தண்ணீர் 7.4.

தண்ணீரின் பி.எச். என்பது அந்த நொடியின் படம் மட்டும்தான். அந்தத் தண்ணீர் தன்னோடு எவ்வளவு பைகார்பனேட்டை, அதாவது அமிலத்தை முறிக்கும் கரைபொருளை, சுமந்து வருகிறது என்பது வேறு கேள்வி. அந்தச் சுமைதான் காரத்தன்மை. பி.எச். 8.5 இருந்தும் பைகார்பனேட் கொஞ்சமே உள்ள தண்ணீர், தொட்டியில் விழுந்ததும் கலவையின் அமிலத்துக்கு அடங்கிவிடும். பி.எச். 7.4 இருந்தும் பைகார்பனேட் நிறைந்த தண்ணீர் அடங்காது. தினம் தினம் வந்து கலவையின் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இரண்டு மாதத்தில் 6இல் இருந்த கலவை 7.5இல் நிற்கும். தினமும் தொட்டியில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போடுவதும் இதுவும் ஒன்றுதான்.

காரத்தன்மையை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று குறிப்பார்கள். மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியிலேயே இதை அளக்கலாம். 100க்குக் கீழே என்றால் பொதுவாகக் கவலை வேண்டாம். 150ஐத் தாண்டினால் சின்னத் தொட்டிகளில் தொல்லை ஆரம்பிக்கும். என் குழாய்த் தண்ணீர் 280. சோதனைப் பெட்டி இல்லாதவர்கள் வெந்நீர் வைக்கும் கெட்டிலின் அடியைப் பார்த்தால் போதும். வெள்ளையாக ஓடு கட்டியிருந்தால், அந்த ஓட்டைக் கட்டிய சரக்குதான் தொட்டிக்கும் போகிறது.

இப்போது இரும்புக்கு வருவோம். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் இரும்பு கரையும் அளவு சுமார் ஆயிரம் மடங்கு குறைகிறது. பத்து அல்ல, ஆயிரம். 6இலிருந்து 7.5க்குப் போன கலவையில் இரும்பு துருவாகக் கிடக்கும், வேருக்கு அது கல். அதனால்தான் துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கும் பழைய வைத்தியம் இந்த நோய்க்குப் பலிப்பதில்லை. துரு ஏற்கெனவே அங்கே நிறைய இருக்கிறது.

தண்ணீரைப் பற்றிய இந்தக் குழப்பம் நம்மோடு தொடங்கியதில்லை என்பது ஓர் ஆறுதல். வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய மருத்துவர் ஒரு பெரிய தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். ஐந்து வருடம் மழைநீரும் காய்ச்சி வடித்த வாலை நீரும் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணைக் காயவைத்து எடை போட்டால் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. காற்றிலிருக்கும் கரியமில வாயுதான் மரமாகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. காணாமல் போன அந்த 2 அவுன்ஸை அவர் கணக்குப் பிழையாக ஒதுக்கிவிட்டார். நாம் உரம் என்று சொல்வதெல்லாம் அந்த 2 அவுன்ஸ்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த அளவுதான். ஐந்து வருடத்தில், ஒரு மரத்துக்கு, இரண்டு அவுன்ஸ். நான் ஒரு மாதத்தில் ஒரு மிளகாய்ச் செடிக்கு அதைவிட அதிகம் வைத்திருக்கிறேன்.

அப்புறம் 1699இல் ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவைப் பல வகைத் தண்ணீரில் வளர்த்த முடிவுகளை வெளியிட்டார். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்ட மண் கலக்கிய நீர் என்று தனித்தனியே வைத்துப் பார்த்தார். சுத்தமான மழைநீரில் செடி கொஞ்சமாக வளர்ந்தது, மண் கலங்கிய நீரில் நன்றாக வளர்ந்தது. தண்ணீர் வெறும் வாகனம், அதில் கரைந்து வருவதுதான் செடிக்குத் தீனி என்ற எண்ணம் அங்கே பிடிபட ஆரம்பித்தது. ஒருவர் சுத்த நீரே போதும் என்றார், அடுத்தவர் கலங்கல் வேண்டும் என்றார். கலங்கலில் எது, எவ்வளவு என்று தெரிய இன்னும் இருநூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் என்று இப்போது பொதுவாக 17ஐச் சொல்கிறோம். அதில் நிக்கல் சேர்ந்தது 1980களில்தான்.

எது எவ்வளவு என்ற கேள்வி வந்ததால், உரப் பொட்டலத்தின் மேல் இருக்கும் எண்களையும் சொல்லிவிடுகிறேன். நான் போட்டது 19:19:19. மூன்றும் சமம், சமமாக இருந்தால் நல்லதுதானே என்று வாங்கியது. அந்த எண்கள் சொல்வது போல மூன்றும் சமமே இல்லை. தழைச்சத்து மட்டும்தான் அதுவாகவே குறிக்கப்படுகிறது. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் அவற்றின் ஆக்சைடு கணக்கில் எழுதுவது பழைய வழக்கம். உண்மையான பாஸ்பரஸ் அதில் 44 சதம், உண்மையான பொட்டாசியம் 83 சதம். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்தால் கிடைப்பது நைட்ரஜன் 190 மில்லிகிராம், பாஸ்பரஸ் 83, பொட்டாசியம் 158. கலிஃபோர்னியாவில் ஹோக்லண்ட் வகுத்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள் இன்றும் பயன்படுத்தும் சத்துக் கரைசலில் நைட்ரஜன் 210, பொட்டாசியம் 235, பாஸ்பரஸ் வெறும் 31. என் கரைசலில் பாஸ்பரஸ் அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல், கால்சியமும் மக்னீசியமும் சுத்தமாக இல்லை. மிதமிஞ்சிய பாஸ்பரஸ் என்ன செய்யும்? இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் கட்டிப்போடும். ஆக, மருந்து என்று நினைத்து நான் வைத்த ஒவ்வொரு தவணையும் நோயை வளர்த்திருக்கிறது.

திருத்தியது எப்படி என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் உரத்தை நிறுத்தினேன். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மழைநீரை, அவசரமில்லாமல், கீழே ஓட ஓட ஊற்றினேன். வடிந்த தண்ணீரை மீட்டரில் பார்த்தேன். முதல் கிண்ணம் ஈ.சி. 4.2. அந்த எண்ணைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. கடைசிக் கிண்ணம் 1.3க்கு வந்ததும் நிறுத்தினேன்.

அன்றிலிருந்து பாதி மழைநீர், பாதி குழாய்த் தண்ணீர். காரத்தன்மை 280இலிருந்து 140க்கு இறங்கிவிடுகிறது. முழுக்க மழைநீர் ஊற்றலாமே என்றால், ஊற்றலாம். ஆனால் குழாய்த் தண்ணீரில் வரும் கால்சியமும் மக்னீசியமும் இலவசமாகக் கிடைக்கிற சத்து, அதை ஏன் விட வேண்டும்? வெறும் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுகிறவர்கள் அந்த இரண்டையும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். மழைநீர் தீர்ந்த நாட்களில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக இறுத்து எடுக்கிறேன். பைகார்பனேட்டில் ஒரு பகுதி படிவாக இறங்கிவிடும். ஆனால் பன்னிரண்டு தொட்டிக்கு இது கட்டுப்படியாகாது, இரண்டு தொட்டிக்குச் சரி.

வினிகர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பி.எச். மீட்டரில் உடனே எண் இறங்கும், மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும். மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிட்டால் பைகார்பனேட் பழையபடி வந்து நிற்கும். சிட்ரிக் அமிலமும் அப்படியே. அவசரத்துக்கு உதவும், பழக்கத்துக்கு உதவாது.

இரும்பைப் பொறுத்தவரை, கொடுக்கி இணைந்த (chelated) இரும்புதான் வழி. இரும்பைக் கவ்விப் பிடித்துத் துருவாகிவிடாமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் சேர்மம்தான் கொடுக்கி. அதிலும் எல்லாம் ஒன்றில்லை. இ.டி.டி.ஏ. (EDTA) என்று போட்டிருப்பது பி.எச். 6.5ஐ நெருங்கினாலே பிடியைத் தளர்த்திவிடும். டி.டி.பி.ஏ. (DTPA) 7.5 வரை தாங்கும். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று போட்டிருப்பது காரமான கலவையிலும் இரும்பை விடாது. கரைத்தால் ஒயின் சிவப்பாக இருக்கும், கையில் பட்டால் கறை போக நாளாகும். நான் முதலில் வாங்கியது இ.டி.டி.ஏ. என் 7.5 கலவையில் அதைப் போட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று இன்னும் இரண்டு வாரம் விழித்துக்கொண்டிருந்தேன்.

தக்காளிக்கும் ஒரு வார்த்தை. காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவது கால்சியம் குறைவு, சரிதான். உடனே எப்சம் உப்பைப் போடச் சொல்வார்கள். எப்சம் உப்பு மக்னீசியம், கால்சியத்தோடு போட்டி போடுகிற ஆள். அதைக் கூட்டினால் கறுப்பும் கூடும். அநேகமாக மண்ணில் கால்சியம் இருக்கும். தண்ணீர் ஓடினால்தான் அது ஓடும். இலை வேகமாக ஆவியாக்குவதால் தண்ணீரெல்லாம் அங்கே போகிறது, காய்க்கு வருவது கொஞ்சம். ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாக ஊற்றினால் அந்தக் கொஞ்சமும் தடைபடும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட, தினமும் ஒரே நேரத்தில் ஊற்றுவது பலன் தரும். முட்டை ஓடும் கெட்டில் ஓடும் ஒரே பொருள்தான், காரமான மண்ணில் லேசில் கரையாது.

குளோரின் பற்றி நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். திறந்த வாளியில் ஒரு இரவு வைத்தால் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது, ஆனாலும் குடிநீரில் இருக்கும் அளவுக்குத் தொட்டிச் செடி செத்துப் பார்த்ததில்லை. தண்ணீரை மென்மையாக்கும் கருவியிலிருந்து வருகிற நீரை மட்டும் ஊற்றவே கூடாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரும் தொட்டிக்கு வேண்டாம். குழாயில் இருந்த உப்பு இன்னும் செறிவாக அதில்தான் இருக்கிறது. வீணாகிறதே என்று அதை ஒரு மாதம் செம்பருத்திக்கு ஊற்றியவன் சொல்கிறேன்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை உரம், அதுவும் பொட்டலத்தில் சொன்னதில் கால்வாசி. மாதத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, மேலே இன்னும் கொஞ்சம் வாலை நீர் விட்டு, கீழே வடிகிற முதல் அரைக் கிண்ணத்தைப் பிடித்து அளக்கிறேன். அந்தத் தண்ணீர்தான் வேர் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீர். ஈ.சி. 2ஐத் தாண்டினால் அந்த வாரம் உரம் கிடையாது, ஓடவிட்டு ஊற்றுவதோடு சரி. தரை நனைகிறது. பழைய துண்டு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.

மிளகாயில் புதுக் கொழுந்து பச்சையாக வர மூன்று வாரம் ஆயிற்று. முன்பே வெளுத்த இலைகள் முழுசாகத் தெளியவில்லை. கீழே முழுப் பச்சை, நடுவே ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள், மேலே மறுபடி பச்சை. நான் தப்பாக ஊற்றிய மாதங்களைச் செடியின் உயரத்தில் ஸ்கேல் வைத்து அளக்கலாம்.